பல்லைக் காப்பாற்ற முடியாது என்று சொல்ல வேண்டிய நாளில்: திட்டாமலும் மழுப்பாமலும்

சிறுநீரகத்தில் கல் இருக்கிறது என்று சொன்னால் யாரும் வெட்கப்படுவதில்லை. பல்லில் சொத்தை என்று சொன்னால் வெட்கப்படுகிறார்கள். ‘ஒழுங்காகத் தேய்த்திருந்தால் கெட்டிருக்காது’ என்று சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் நாற்காலியில் வந்து உட்காரும்போது, நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள். அதனால்தான் நாம் சாதாரணமாகச் சொல்கிற ‘இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது’ என்பதுகூட அவர்கள் காதில் ‘நீ காப்பாற்றவில்லை’ என்று விழுகிறது.

இது பல் மருத்துவர்களுக்கும், பக்கத்தில் நிற்கும் உதவியாளர்களுக்கும் எழுதுவது. நாம் யாரும் வேண்டுமென்றே நோயாளியை அவமானப்படுத்துவதில்லை. அக்கறையில்தான் ‘இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?’ என்று கேட்கிறோம். அந்த அக்கறை போய்ச் சேரும்போது வசவாகிவிடுகிறது. என்னைக் கேட்டால், தப்பு பெரும்பாலும் வரிசையில்தான் இருக்கிறது. என்ன ஆகியிருக்கிறது என்பதையும் ஏன் ஆனது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். முதலாவதை இன்றைக்கே சொல்லியாக வேண்டும். இரண்டாவது காத்திருக்கலாம், சில சமயம் அடுத்த முறை அவர் வரும்வரை கூட.

எது கெட்ட செய்தி என்பதும் நம் கையில் இல்லை. புற்றுநோய் மருத்துவர் ராபர்ட் பக்மேன் 1984இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: தன் வருங்காலத்தைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் எண்ணத்தைக் கடுமையாக, மோசமான பக்கமாக மாற்றுகிற எந்தச் செய்தியும் கெட்ட செய்திதான். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நமக்குத் தினமும் பத்துத் தடவை வாயில் வருகிற ‘ஒரு ரூட் கனால் பண்ணிடலாம்’ என்பது, ஊசி என்றாலே உள்ளங்கை வியர்க்கிற ஒருவருக்குப் பெரிய இடி. மேல் முன்பல் போகப்போகிறது என்பது மேடையேறிப் பேசிப் பிழைக்கிறவருக்கு வேறு மாதிரியான இடி. முழுப் பல்லும் இழந்தவர்களின் மனநிலையைப் பற்றி 1998இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில், பலர் அதை நெருங்கியவரை இழந்த துக்கம் போலவே விவரித்தார்கள். பல் செட் போட்ட பிறகும் அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு விஷயம், வருகிறவரில் பலர் ஏற்கெனவே ஒரு சுழலுக்குள் இருப்பவர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் பெர்க்ரன் 1984இல் அதை விவரித்தார்: பயத்தால் டாக்டரிடம் போவதில்லை, போகாததால் பல் கெடுகிறது, கெட்டதால் வெட்கம், வெட்கத்தால் இன்னும் போவதில்லை. இந்தச் சுழலில் நாம் கைவைக்கக்கூடிய இடம் அந்த வெட்கம்தான். நாம் கொடுக்கிற ஒரு ‘ச்ச்ச’ அதைக் கூட்டும், குறைக்காது. (நமக்கே நம் வாயை இன்னொரு டாக்டரிடம் திறந்து காட்டக் கூச்சமாக இருக்கிறதா இல்லையா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.)

பார்க்கும்போதே பாதி சொல்லிவிடுகிறோம்

செய்தியைச் சொல்வது பரிசோதனை முடிந்த பிறகு தொடங்குகிறது என்று நினைக்கிறோம். இல்லை. மல்லாந்து படுத்திருப்பவருக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை, நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகக்கவசம் போட்டிருந்தால் எதுவும் தெரியாது என்று நமக்கு ஒரு நம்பிக்கை. புருவம் வெளியேதான் இருக்கிறது. உதவியாளரும் நாமும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அந்தப் பார்வை நோயாளியின் முகத்துக்கு நேர் மேலே, ஓரடி உயரத்தில் நடக்கிறது.

ஈறு ஆழம் அளக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். ‘மூணு, ரெண்டு, மூணு... மூணு, நாலு, ஆறு... ஏழு, ரத்தம் வருது, குறிச்சுக்கோங்க.’ குரல் ஏறுகிறது, உதவியாளர் ‘ஏழா?’ என்று திருப்பிக் கேட்கிறார், கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம். படுத்திருப்பவருக்கு எண்ணின் அர்த்தம் தெரியாது. ஏதோ கூடிக்கொண்டே போகிறது, அது நல்லதற்கில்லை என்பது மட்டும் தெரியும். வாயைத் திறந்து கேட்கவும் முடியாது, வாய் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

இதற்கு மருந்து சுலபம். தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்: ‘ஒவ்வொரு பல்லைச் சுத்தியும் ஈறு எவ்வளவு ஆழம் இருக்குன்னு அளக்கப் போறேன், எண் சொல்லிட்டே வருவேன். மூணு மில்லிமீட்டர் வரைக்கும் சரி. நாலுல இருந்து கவனிக்கணும். முடிஞ்சதும் உட்கார்ந்து பேசலாம்.’ இப்போது அவரும் சேர்ந்து கேட்கிறார். ஏழு வரும்போது அது நம் வாயிலிருந்து விழுந்த கண்டனமாக இருக்காது, ஓர் அளவாக இருக்கும். கடைசியில் நீங்கள் உட்கார்ந்து சொல்லும்போது செய்தியில் பாதி அவருக்கே தெரிந்திருக்கும்.

வாய்க்குள் விடும் கேமராவும் அப்படித்தான். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் போட்டு ‘பார்த்தீங்களா?’ என்று கேட்பது நமக்குப் புரியவைத்தல். சிலருக்கு அது முகத்தில் அறைவது மாதிரி. கைப்பேசித் திரை அளவுக்குப் பெரிதாகிவிட்ட சொத்தைக் கடைவாய்ப் பல்லை யார் பார்த்தாலும் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள். ‘படம் எடுத்திருக்கேன், பார்க்கணும்னா காட்டறேன், வேண்டாம்னாலும் சரி’ என்று கேட்டுவிட்டுக் காட்டுங்கள். காட்டும்போது நன்றாக இருக்கும் ஒரு பல்லையும் சேர்த்துக் காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை.

யார் அதிகம் பயப்படுகிறவர் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஜெர்ரி ஹம்ஃப்ரிஸ் 1995இல் வெளியிட்ட பல் மருத்துவப் பயத்துக்கான கேள்வித்தாளில் ஐந்தே கேள்விகள், மொத்தம் 25 மதிப்பெண், 19ஓ அதற்கு மேலோ வந்தால் பயம் மிக அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். காத்திருக்கும்போதே இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். 21 எழுதியவரிடம் நீங்கள் பேசும் வேகமே மாறும்.

நாற்காலியை நிமிர்த்துங்கள்

படுக்கவைத்துக்கொண்டு கெட்ட செய்தி சொல்லாதீர்கள். நாற்காலியை நிமிர்த்தி, விளக்கை ஒதுக்கி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, துடைத்துக்கொள்ள ஒரு டிஷ்யூ கொடுத்து, கழுத்தில் மாட்டியிருக்கும் அந்தத் துணியையும் கழற்றிவிடுங்கள். எச்சில் வழியும் வாயோடு, கழுத்தில் துணியோடு யாராலும் தன் உடம்பைப் பற்றி ஒரு பெரியவருக்குரிய முடிவை எடுக்க முடியாது. நீங்களும் கையுறை, முகக்கவசம், பெரிதுபடுத்திக் காட்டும் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அவர் கண்மட்டத்துக்கு வந்து உட்காருங்கள். பின்னாலிருந்து அல்ல, முன்னால் வந்து. கதவு சாத்தியிருக்கட்டும். வரவேற்பில் காத்திருப்பவர்களுக்குக் கேட்கும்படி ‘அத்தனையும் எடுக்கணும்’ என்று சொல்லிவிட்டால் பிறகு என்ன மென்மையாகப் பேசி என்ன பயன்?

சிகிச்சையின் நடுவில் பிரச்சினை தெரிந்தால்? சொத்தையைச் சுரண்டிக்கொண்டே போகும்போது பல் தளம்வரை விரிசல் ஓடியிருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்துங்கள். தற்காலிகமாக அடைத்து, ரப்பர் தடுப்பை எடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து அப்புறம் சொல்லுங்கள். பாதி வாய் மரத்துப்போய், கருவிகள் உள்ளே இருக்கும்போது ‘எடுத்துடலாமா?’ என்று கேட்டு அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் அவர் சொல்லட்டும்

புற்றுநோய்ச் செய்தி சொல்வதற்கென்று வால்டர் பெய்ல், பக்மேன் முதலானவர்கள் 2000இல் ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை எழுதினார்கள், ‘ஸ்பைக்ஸ்’ என்று பெயர். இடத்தைத் தயார் செய்வது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, அதன் பிறகு வரும் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, கடைசியில் அடுத்து என்ன என்று பேசுவது. பல் நாற்காலிக்கு அப்படியே பொருந்தும். நாம் வழக்கமாக இரண்டையும் மூன்றையும் தாண்டி நேராக நான்குக்குக் குதிக்கிறோம். ஐந்தைக் கண்டுகொள்வதே இல்லை.

‘இந்தப் பல்லு எப்படி இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘போயிடுச்சுன்னுதான் நினைக்கிறேன் டாக்டர், ஒரு வருஷமா அந்தப் பக்கம் மெல்லறதே இல்ல’ என்று அவரே சொல்லிவிடுவார் சில நேரம். அவர் பாதி வழி வந்துவிட்டார், நீங்கள் மீதிப் பாதிதான் போக வேண்டும். ‘ஒண்ணுமில்ல, லேசா கூச்சம்தான்’ என்றால், இனிமேல் சொல்லப்போவது அவருக்கு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று உங்களுக்குப் புரிந்துவிடும், மெதுவாகப் போகலாம்.

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளை இந்தக் கட்டத்தில் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் வரலை, ஏன் விட்டுட்டீங்க, ஏன் அன்னைக்கே எடுக்கலை: எதற்கும் அவரிடம் நல்ல பதில் இருக்காது. இருந்தாலும் அது வேலை போனது, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையானது மாதிரி உங்களிடம் சொல்ல விரும்பாத பதிலாக இருக்கும். ஈறு நோயில் இந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் எலும்பு கரைந்து பல் ஆடும்வரை பலருக்கு வலியே இருப்பதில்லை. பல வருடம் கழித்து வந்தவரிடம் ‘வந்தது நல்லதாப் போச்சு, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு பார்ப்போம்’ என்றால் போதும். அவர் அன்றைக்குக் கேட்கக் காத்திருந்த திட்டு வராமல் போனதே அவருக்குப் பெரிய ஆறுதல்.

தகவலுக்காகக் கேட்டே ஆக வேண்டியவற்றையும் வேறு மாதிரி கேட்கலாம். ‘தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறீங்களா?’ என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிறவரைக்கும் பல்லுக்கு என்னென்ன செய்வீங்க, எந்த வேளை விட்டுப்போகும்?’ என்றால் உண்மை வரும். எல்லோருக்கும் ஏதோ ஒரு வேளை விட்டுப்போகும் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள்.

செய்தியைச் சொல்வது

முதலில் சின்னதாக ஒரு முன்னறிவிப்பு. ‘எக்ஸ்ரே பார்த்தேன். நினைச்சதை விடக் கொஞ்சம் பெரிய விஷயம்.’ ஒரு மூச்சு விடுங்கள். பிறகு சுருக்கமான ஒரே வாக்கியம்: ‘சொத்தை வேர் பிரியற இடம் வரைக்கும் போயிருக்கு, இந்தப் பல்லை வச்சிருக்க முடியாது.’

அந்த வாக்கியத்தில் பல் இருக்கிறது, சொத்தை இருக்கிறது, ‘நீங்க’ இல்லை. ‘நீங்க ரொம்ப லேட் பண்ணிட்டீங்க’ என்பதும் அதே எக்ஸ்ரேதான், ஆனால் அங்கே எழுவாய் நோயாளி. ‘மோசம்’, ‘கன்னாபின்னான்னு’, ‘அழுகிப்போச்சு’ எல்லாம் வேண்டாம். அளவைச் சொல்லுங்கள்: எவ்வளவு ஆழம், எத்தனை பல், எலும்பு எந்தளவு குறைந்திருக்கிறது. அதே சமயம் பல்லைக் காப்பாற்ற முடியாது என்பதை ‘கொஞ்சம் சந்தேகம்தான், பார்க்கலாம்’ என்று பூசி மெழுகவும் வேண்டாம். மழுப்பினால் அவர் வீட்டுக்குப் போய் ‘டாக்டர் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்’ என்று நம்பிக்கொண்டிருப்பார், அடுத்த வாரம் அதே செய்தியை இரண்டாவது முறை சொல்ல வேண்டி வரும்.

சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். அந்த மௌனம் நமக்குத் தாங்காது, உடனே இம்ப்ளான்ட், பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல் என்று கடை விரித்துவிடுவோம். அவர் இன்னும் ‘வச்சிருக்க முடியாது’ என்ற இடத்திலேயே நிற்கிறார். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று 2003இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை தொகுத்துச் சொல்கிறது. மனம் அதிர்ந்திருக்கும் அந்த நிமிடத்தில் நீங்கள் சொல்லும் மூன்று மாற்று வழிகளில் எது தங்கும்? அவர் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வரட்டும். அழுதால் அழட்டும். டிஷ்யூவை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்திவைத்தால் போதும், ‘இதுக்குப் போய் அழலாமா’ வேண்டவே வேண்டாம். கோபப்பட்டால், அது பெரும்பாலும் உங்கள் மேல் இல்லை. ‘இப்படி ஆகும்னு நீங்க எதிர்பார்க்கலை, இல்லையா?’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி காத்திருங்கள்.

‘எல்லாம் என் தப்புதான் டாக்டர்’

இது வரும். கண்டிப்பாக வரும். ‘ஆமாம்’ என்று சொன்னால் வெந்த புண்ணில் வேல். ‘அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல’ என்றால் அது பொய், அவருக்கும் தெரியும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டார். நடுவில் ஒரு வழி இருக்கிறது: பல் எப்படிக் கெடுகிறது என்பதை உள்ளபடியே சொல்வது. உள்ளபடி சொன்னாலே பழி தானாகச் சின்னதாகிவிடும், ஏனென்றால் தேய்ப்பது என்பது அதில் ஒரு பகுதிதான்.

இனிப்போ மாவோ உள்ளே போனதும் பல்லின் மேல் படிந்திருக்கும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. வாயின் பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறைகிற அளவு) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் உமிழ்நீர் அதைச் சரிக்கட்டிவிடும். ஆக, எவ்வளவு சாப்பிட்டோம் என்பதை விட எத்தனை தடவை என்பதும், உமிழ்நீர் எவ்வளவு ஊறுகிறது என்பதும் முக்கியம். மனச்சோர்வு மருந்து, அலர்ஜி மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் உமிழ்நீரைக் குறைக்கும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவருக்கு உமிழ்நீர்ச் சுரப்பியே பழுதாகியிருக்கும். தனக்கிருக்கும் நோய்க்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர் அதே மாத்திரையால் பல் இழந்திருக்கலாம். அவரிடம் போய்த் தேய்க்கும் முறையைப் பற்றிப் பாடம் நடத்தினால் எப்படி?

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு நோய் கூடும், ஈறு நோய் கூடினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். கர்ப்ப காலத்து ஹார்மோனில் ஈறு வீங்கி ரத்தம் கசியும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு வயிற்று அமிலம் பல்லின் உள்பக்கத்தை அரிக்கும். மேல் முன்பற்களின் உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், அடிக்கடி வாந்தி எடுக்க வைக்கும் உணவுக் கோளாறும் இருக்கலாம். அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், கூட வந்தவர் முன்னால் கேட்கவும் கூடாது. தனியாக இருக்கும்போது, ‘இந்த இடத்துல தேய்மானம் பார்த்தா வயித்து அமிலம் மேல வர்ற மாதிரி தெரியுது, அப்படி ஏதாவது இருக்கா?’ என்று கதவைத் திறந்துவைத்தால் போதும், உள்ளே வருவதும் வராததும் அவர் விருப்பம்.

இத்தனையும் இல்லாமல் உண்மையிலேயே தேய்க்காததும் புகைப்பதும்தான் காரணம் என்றால்? அதையும் சொல்ல வேண்டியதுதான். ஆனால் செய்தி இறங்கிய பிறகு, அனுமதி கேட்டு, இருக்கிற மற்ற பற்களைப் பற்றிய பேச்சாக. ‘மீதிப் பல்லைக் காப்பாத்தறதுல சிகரெட்டுக்கு ஒரு பங்கு இருக்கு. அதைப் பத்தி இன்னைக்குப் பேசலாமா, இல்ல அடுத்த தடவையா?’ வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் உருவாக்கிய ஊக்க உரையாடல் முறை சொல்லித்தருவது இதைத்தான். தப்பைக் கண்டால் உடனே திருத்தக் கை பரபரக்கும் நம் பழக்கத்தை அடக்கிக்கொண்டு, முதலில் கேள், பிறகு சொல், மறுபடி கேள். நாம் ‘நிறுத்துங்க’ என்று அழுத்த அழுத்த, நிறுத்த முடியாததற்கான காரணங்களை அவர் அடுக்க ஆரம்பிப்பார். ‘நிறுத்தணும்னு எப்பவாவது தோணியிருக்கா?’ என்றால் நிறுத்துவதற்கான காரணங்களை அவரே சொல்வார்.

கொஞ்சம் வேறு மாதிரியானவை

நாக்கில் ஒரு புண், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறவில்லை, குத்துகிற பல் முனையை மழுக்கிவிட்டும் ஆறவில்லை. பயாப்ஸி வேண்டும். ‘சும்மா ஒரு டெஸ்ட்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். ‘கேன்சரா டாக்டர்?’ என்று கேட்டால், ‘பார்த்ததும் ஆமாம்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அதையும் மனசுல வச்சுத்தான் டெஸ்ட் எடுக்கச் சொல்றேன். சீக்கிரம் தெரிஞ்சுக்கிட்டா நமக்கு வழி நிறைய.’ அப்போதே முடிவு சொல்லும் தேதியையும் குறித்துவிடுங்கள்: ‘ரிசல்ட் எதுவா இருந்தாலும் இந்தத் தேதியில நேர்லதான் பேசுவோம், யாரையாவது கூட்டிட்டு வாங்க.’ நல்லதென்றால் போனில், கெட்டதென்றால் நேரில் என்று வைத்துக்கொண்டால், நேரில் வரச் சொல்கிற அழைப்பே செய்தியாகிவிடும். புகையிலைப் பேச்சை அன்றைக்கு ஒரு வரியில் நிறுத்துங்கள். புகையிலையே தொடாதவர்களுக்கும் வாய்ப் புற்றுநோய் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

குழந்தையின் பல் என்றால் நாற்காலியில் இருப்பது ஒருவர், குற்ற உணர்ச்சியில் இருப்பது இன்னொருவர். குழந்தையின் தலைக்கு மேலே பெற்றோரிடம் பேசாதீர்கள், அதற்கும் காது இருக்கிறது. ‘அம்மா சாக்லேட் நிறையக் கொடுத்துட்டாங்களா?’ என்று குழந்தையிடம் விளையாட்டாகக் கேட்பது அம்மாவைக் குத்துவதுதான். ஆறு வயதில் முளைக்கும்போதே கடைவாய்ப் பல் மஞ்சளாக, பொடிப் பொடியாக உதிர்கிறது என்றால் எனாமல் உருவாகும்போதே குறை இருந்திருக்கிறது, யாரும் தேய்த்துத் தடுத்திருக்க முடியாது. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், பெற்றோர் அதைக் கேட்கத்தான் காத்திருப்பார்கள். சொத்தை பரவாமல் நிறுத்தப் பூசும் சில்வர் டையமைன் ஃப்ளோரைடு மருந்தை வைத்தால் சொத்தை இருந்த இடம் கறுத்துப்போகும் என்பதையும் வைப்பதற்கு முன்பே படத்தோடு காட்டிவிட வேண்டும்.

வேறொரு டாக்டர் செய்த வேலை உடைந்து வந்திருக்கிறதா? ‘யார் இதைப் பண்ணினது?’ என்று கேட்காதீர்கள். அந்த டாக்டர் அன்றைக்கு என்ன பார்த்தார், நோயாளியால் எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைக்க முடிந்தது என்று நமக்குத் தெரியாது. இருப்பதைச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

நம் கையிலேயே ஒன்று நடந்துவிட்டால், உதாரணத்துக்கு ரூட் கனாலில் வேரைச் சுத்தம் செய்யும் மெல்லிய கருவியான ஃபைலின் முனை உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டால், அன்றைக்கே, அவர் கிளம்பும் முன்பே சொல்ல வேண்டும். ‘சுத்தம் பண்ணும்போது கருவியோட ஒரு சின்ன முனை உடைஞ்சு வேருக்குள்ள நின்னுடுச்சு. மன்னிச்சுக்கோங்க. அது எங்கே இருக்குன்னு காட்டறேன்.’ பிறகு அதனால் என்ன ஆகலாம், எடுக்க முயல்வதா, தாண்டிப் போவதா, அப்படியே வைத்துக் கண்காணிப்பதா, ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்புவதா என்று பேசுங்கள். ‘உங்க வேர் ரொம்ப வளைஞ்சு இருக்கு’ என்று தொடங்கினால் பழி நோயாளியின் வேர் மேல் போகிறது. வளைவைச் சொல்லலாம், ஆனால் அது இரண்டாவது வாக்கியமாக இருக்கட்டும்.

காசும் முடிவும்

கெட்ட செய்தியோடு செலவும் வரும். ‘இம்ப்ளான்ட்தான் பெஸ்ட், முடியாதுன்னா கழட்டி மாட்டறது’ என்று சொல்லும்போது அந்த ‘முடியாதுன்னா’ ஒருவரைச் சுருங்க வைக்கிறது. எல்லா வழிகளையும் ஒரே குரலில் சொல்லுங்கள், எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வழியாகச் சேர்த்து. எதை எடுத்தாலும் நீங்கள் அதை நன்றாகச் செய்து தருவீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். சீழ், வலி, வீக்கம் இருந்தால் அதற்கு இன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஒரு வாரம் தாங்கும். எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், பல் எண்ணோடு, பெரிய எழுத்தில். கிளம்பும் முன் ‘வீட்டுல கேட்டா என்னன்னு சொல்வீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் எது போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிடும். விட்டுப்போனதை மட்டும் திரும்பச் சொல்லுங்கள், நம் விளக்கம்தான் சரியாக இல்லை என்ற தொனியில்.

வரவேற்பில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். உள்ளே அரை மணி நேரம் பக்குவமாகப் பேசி அனுப்பியவரை வெளியே ‘ஓ, அந்த எட்டுப் பல் எடுக்கற கேஸா?’ என்று ஒரு குரல் வரவேற்றால் எல்லாம் வீண்.

கடைசியாகக் கோப்பு. நாம் எழுதுவதை நோயாளி ஒருநாள் படிக்கலாம், வேறு டாக்டர் நிச்சயம் படிப்பார். ‘பல் சுகாதாரம் மிக மோசம், சொன்னால் கேட்பதில்லை’ என்று எழுதிவிட்டால் அடுத்த டாக்டர் அவர் உள்ளே வருவதற்கு முன்பே முகத்தைச் சுளித்துக்கொண்டு தயாராக இருப்பார். ‘கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரை. இரவு வேலை, காலையில் மட்டும் தேய்க்கிறார். பல் இடுக்கு ப்ரஷ் பயன்படுத்தக் காட்டிக்கொடுத்தேன், நடு அளவு பொருந்துகிறது. ஊசிக்குப் பயம், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போட்டால் ஒத்துழைக்கிறார்’ என்று எழுதினால், அதே கோப்பைத் திறக்கிறவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.